ஓடிக் கெட்டதல்ல, கிடந்து கெட்டது



நம் பகுதியில் எந்தப் பலசரக்குக் கடையின் பின்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும், காலிச் சாக்குகளுக்கும் உடைந்த தராசுக்கும் நடுவே ஒரு பழைய ஜெனரேட்டர் கிடப்பதைக் காணலாம். சிவப்போ நீலமோ, ஒரு காலத்தில் பளபளத்த பெட்டி. இன்று அதன்மேல் பழைய கணக்கு நோட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். 2008 முதல் 2013 வரை தமிழகத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் நாம் அனைவரும் கடன் வாங்கியேனும் வாங்கிய பொருள் அது. பின்னர் மின்சார நிலைமை சீரடைந்தது, இன்வெர்ட்டர் வந்தது. ஜெனரேட்டரை மறந்தோம். இந்த மறதியைப் பற்றியே இம்முறை சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

மறதிக்கு விலை உண்டு என்பதை நாம் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கற்றுக்கொண்டோம். ஒக்கிப் புயல் நமது குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள் அது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து இரவு பகலாக உழைத்தும், பல ஊர்களில் கரண்டு திரும்பப் பல நாட்கள் ஆயின. இன்வெர்ட்டர் முதல் இரவோடு ஓய்ந்தது. கரண்டு வந்தால்தானே அதன் பேட்டரி மறுபடி ஏறும்?

புதுக்கடையில் உள்ள நமது கடையின் பின்கட்டிலிருந்து ஜெனரேட்டரை வெளியே இழுத்துப் போட்டோம். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தோம். ஐம்பது முறை இழுத்திருப்போம். தோள்தான் வலித்தது, எஞ்சின் ஒரு தடவை கூட இருமவில்லை. பிரீசரில் இருந்த பாலும் ஐஸ்கிரீமும் போயின. அது நஷ்டம்தான், ஆனால் பெரிதல்ல. அன்றும் மறுநாளும் கடைக்கு வந்தவர்களில் பலர் அரிசியோ சர்க்கரையோ கேட்கவில்லை. தேங்காய்ப்பட்டணம், தூத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் செல்போனை நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தருவேளா?" என்றுதான் கேட்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். எங்காவது டவர் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய், கரை சேர்ந்தவர்களிடம் விசாரிக்க அந்தப் போன் வேண்டும். ஒரு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு, "ஓடவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாட்டணும்" என்றார்கள். அன்றைய நிலையில் பேரம் பேச மனமில்லை. ஒரு மூட்டைச் சர்க்கரையின் விலைக்கு மேல் கொடுத்துப் புதிது மாட்டி வந்தோம். பழையதை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, கரையோர ஊர் ஒன்றில் வள்ளங்களின் அவுட்போர்டு மோட்டார்களுக்கு வேலை பார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர் சாமான் வாங்க வந்தார். அந்தப் பையை அவரிடம் காட்டினோம். ஒரு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் கேட்டு வாங்கி, கல்லாப் பெட்டியருகே வைத்தே பிரித்தார். உள்ளே பச்சைப் பாசி போன்ற களிம்பு. பித்தளை ஜெட்டின் துளை முழுதும் அடைத்திருந்தது. இருபது நிமிடத்தில் சுத்தம் செய்து கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணாச்சி, இது ஓடிக் கெட்டதில்ல, கெடந்து கெட்டது." அன்று பட்டறையில் கொடுத்த பணம் முழுவதும் வீண். அறியாமைக்கு நாம் கட்டிய அபராதம் என்று எண்ணிக்கொண்டோம். அவர் சுத்தம் செய்த அந்தப் பழைய கார்புரேட்டர் இன்றும் நம்மிடம் நல்ல நிலையில் இருக்கிறது.

நமது கருத்து இதுதான். பழைய ஜெனரேட்டர் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கார்புரேட்டர். கார்புரேட்டர் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் உள்ளே விட்டுவைக்கும் பெட்ரோல். இதை அறிந்துகொள்ள எந்த வணிகரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சரக்கின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லும் நமக்கு, இதுவும் கண்ணால் பார்த்தே பிடிபடும் வேலைதான்.

கார்புரேட்டர் என்பது என்ன?

பெட்ரோலைக் காற்றோடு சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு அது. 1893-இல் ஹங்கேரி நாட்டில் டோனாட் பாங்கி, யானோஷ் சொன்கா என்ற இரு பொறியாளர்கள் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் இதே வழியைக் கண்டார். தெருவில் ஒரு பூக்காரப் பெண் குழாயை ஊதிப் பூக்கள்மேல் நீர் தெளித்ததைப் பார்த்துத்தான் பாங்கிக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வேலை நடப்பது அப்படித்தான். குறுகலான வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலே இழுத்துப் பொடித்துளியாக்குகிறது.

பெட்ரோல் டாங்கியிலிருந்து காக் வழியாக, சல்லடையைக் கடந்து, கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணத்துக்கு வருகிறது. கிண்ணத்துள் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி, ஊசி வால்வை மேலே தள்ளி வரத்தை அடைக்கிறது. குறைந்தால் தாழ்ந்து திறக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவைக் குழாயேதான், அளவில் சிறியது. கிண்ணத்தின் நடுவே நிற்கும் பித்தளை ஜெட்டின் துளை ஊசிமுனை அளவே இருக்கும். அந்தத் துளையில் ஒரு தூசி நின்றால் போதும், மொத்த எந்திரமும் நின்றுவிடும்.

நோயை அறியும் வழி

வைத்தியர் நாடி பிடிப்பதுபோல், கழற்றுவதற்கு முன் குணம் பார்க்க வேண்டும். நம் அனுபவத்திலும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலில் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லும் முன் சில சிறிய காரியங்களைப் பார்த்துவிட வேண்டும். டாங்கியில் நல்ல பெட்ரோல் இருக்கிறதா, காக் திறந்திருக்கிறதா, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, எஞ்சின் ஆயில் அளவு சரியா என்பவை அவை. பல ஜெனரேட்டர்களில் ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கையே நிறுத்திவிடும் காவல் அமைப்பு உண்டு. ஆயில் குறைவை அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் நம்மில் உண்டு.

இவை சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், சோக்கைப் போட்டுப் பத்து முறை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் வரவே இல்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது அளவுக்கு மீறி வருகிறது. இந்த ஒரு சோதனையே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

பிளக் உலர்ந்திருந்தால், கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, காக்கைத் திறந்து வையுங்கள். பெட்ரோல் தாரையாக வந்தால் கிண்ணம் வரை வழி சரி, ஜெட்தான் அடைப்பு. சிறிது வந்து நின்றால் சல்லடை அடைப்பு, அல்லது டாங்கி மூடியில் உள்ள காற்றுத்துளை அடைப்பு. ஒன்றுமே வரவில்லையென்றால் காக்கோ சல்லடையோ முழுதும் அடைத்திருக்கும், இல்லையேல் ஊசி வால்வு மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் திறந்தவுடன் நின்றுவிடுகிறது என்றால், கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஜெட்டில் பாதி அடைப்பு.

ஓடும்போது சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக, பல்பு வெளிச்சம் கூடிக் குறைந்து கொண்டிருக்கிறது என்றால், அதுவும் பெரும்பாலும் இதே கோளாறுதான். பெட்ரோல் குறைவதால் வேகம் தாழ்கிறது, கவர்னர் அதைப் பார்த்துத் திராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, மறுபடி மூடுகிறது. சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். ஓட்டம் சீரானால், ஜெட் அடைப்போ கேஸ்கட் வழியே காற்று புகுதலோ உறுதி. பாதி சோக்கிலேயே காலம் தள்ளுவது சிலர் வழக்கம். அது பெட்ரோலையும் தின்னும், பிளக்கையும் கரியாக்கும்.

கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். சோக் முழுதும் திறக்காமல் இருக்கலாம். மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும் நம் கடைகளில் முதலில் பார்க்க வேண்டியது ஏர் பில்டர்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வு சரியாக மூடவில்லை. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. தீ அபாயம் ஒருபுறம். சொட்டும் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலப்பது மறுபுறம். ஆயில் அளவு தானாக உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது.

ஐந்து பத்து நிமிடம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது என்றால், அடுத்த முறை நிற்கும் தருணத்தில் டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே தெளிந்து ஓடினால் மூடியின் காற்றுத்துளைதான் அடைப்பு. செலவில்லாத வைத்தியம்.

நீலநிறப் புகை வந்தால் அது ஆயில் எரிவது. எஞ்சின் நன்றாக ஓடியும் கரண்டு வரவில்லையென்றால் அது டைனமோப் பகுதியின் கோளாறு. இவ்விரண்டுக்கும் கார்புரேட்டர் பொறுப்பல்ல.

சுத்தம் செய்யும் முறை

காக்கை மூடி, எஞ்சின் ஆறிய பின், காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்துச் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனியே உருண்டு நிற்பது தண்ணீர். நிறம் பழுத்து வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் காலாவதி.

கிண்ணத்தின் அடிப்போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். மிதவையின் குறுக்குக் கம்பியை மெல்ல உருவினால் மிதவையும் ஊசி வால்வும் வந்துவிடும். வரிசையாக ஒரு வெள்ளைத் துணிமேல் வையுங்கள். ஜெட்டைக் கழற்ற, அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் வேண்டும். பொருந்தாததைக் கொண்டு முறுக்கினால் மென்மையான பித்தளை சிதைந்துவிடும்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி அதனால் குத்துங்கள். ஊக்கு, தையல் ஊசி, சைக்கிள் கம்பி ஆகியவற்றால் குத்தவே கூடாது. எஃகு பித்தளையைக் கிழித்துத் துளையைப் பெரிதாக்கும். துளை பெரிதானால் ஆயுள் முழுவதும் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். படியின் அளவை மாற்றினால் வியாபாரம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஜெட்டும் ஓர் அளவுப் படிதான்.

பிறகு கார்புரேட்டர் உடலில் உள்ள எல்லாத் துளைகளிலும் காற்றடிக்க வேண்டும். பஞ்சர்க் கடைக் காற்றே போதும். மிதவையையும் ரப்பர் பாகங்களையும் கழற்றாமல் காற்றடிக்கக் கூடாது. கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உள்ள ஐடில் திருகைக் கழற்ற நேர்ந்தால், முதலில் அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கை. கேஸ்கட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். அதன் விலை சொற்பம். பெட்ரோல் டியூபை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தொட வேண்டாம். கவர்னர் ஸ்பிரிங். கடையில் உள்ள சாதாரணப் பெட்ரோல் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால்தான் 50 சைக்கிள் கரண்டு வரும். வெளிச்சம் போதவில்லை என்று அந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டியவர்கள், பிரிட்ஜையும் எலெக்ட்ரானிக் தராசையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் சேர்த்து எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய பெட்ரோல்

நாம் ஜெனரேட்டர் வாங்கிய காலத்துப் பெட்ரோலும் இன்றைய பெட்ரோலும் ஒன்றல்ல. கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்னும் சாராயச் சத்து இப்போது பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடளவில் 10 சதவீதம் எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமானது. 2025-இல் அதுவே நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் கொள்கை அது. கரும்பு விவசாயிக்கும் பயன். அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அதன் குணத்தை அறிந்து நடப்பது நம் பொறுப்பு.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். திறந்து வைத்த வெல்லம் மழைக்காலத்தில் கசிவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஓரளவு வரை அந்த நீர் பெட்ரோலோடு கலந்தே நிற்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் இறங்கும். கிண்ணத்தின் அடி, ஜெட் நிற்கும் இடம். அங்கேதான் பச்சைக் களிம்பும் வெண்மாவும் பூக்கின்றன. பழைய எந்திரங்களின் ரப்பர் பாகங்கள் சில, இந்தக் கலப்புக்கென்று செய்யப்படாதவை. அவை உப்பிப்போகும் அல்லது வெடிக்கும். முன்பெல்லாம் ஆறு மாதம் கிடந்தாலும் ஓடிய எந்திரம் இப்போது இரண்டு மாதத்தில் மக்கர் செய்கிறதென்றால் காரணம் இதுவே.

மண்ணெண்ணெயில் ஓடும் வகை ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றால் குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. மறுநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பலனில்லை. இன்னொன்று, ரேஷன் மண்ணெண்ணெய் ஏழையின் அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது. 1993-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதை வேறு உபயோகத்துக்குத் திருப்புவது குற்றம். நீலச் சாயம் காட்டிக் கொடுத்துவிடும். வணிகர்களுக்கு அந்த அவப்பெயர் வேண்டாம்.

வருமுன் காக்கும் வழி

மாதம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில், ஜெனரேட்டரை வெளியே எடுத்து இருபது நிமிடம் பல்பும் மின்விசிறியும் இணைத்து ஓட்டுங்கள். கணக்கு முடிக்கும் மாதக் கடைசி நாள் நினைவில் நிற்க ஏற்றது. நிறுத்தும்போது சுவிட்சைத் தட்டி நிறுத்தாமல், காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். நீண்ட நாள் தேவைப்படாது என்றால் டாங்கியையும் காலி செய்துவிடுங்கள். எத்தனை மாதம் கழித்து எடுத்தாலும் புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டலாம். கரையோரத்தார் மோட்டாரைக் கடலிலிருந்து வந்ததும் கழற்றி, கழுவி, தோளில் சுமந்து வீடு சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அது உயிர் காக்கும் எந்திரம். நமக்கும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்ற நினைப்பு வேண்டும்.

உயிருக்கு உலை வைக்கும் மூன்று தவறுகள்

எந்திரம் ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் செய்யும் தவறுகள் உண்டு. முதலாவது, மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஷட்டரை இறக்கி ஓட்டுவது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு தூக்கத்திலேயே மரணம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. திறந்த வெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து தள்ளி, புகைக்குழாய் கடைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைப்பதே முறை.

இரண்டாவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், இரு முனையும் பின் வைத்த வயரைக் கொண்டு பிளக் பாயின்ட்டில் கரண்டை ஏற்றுவது. மெயினை அணைக்க மறந்தால் நம் கரண்டு வெளிக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கிப் பாய்ந்தால் 11,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் ஏறக்கூடும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு மின்வாரியத் தொழிலாளி. ஒக்கிப் புயலின்போது நமக்கு வெளிச்சம் தர எங்கிருந்தோ வந்தவர்களின் உயிரை நம் ஐஸ்கிரீமுக்காகப் பணயம் வைக்கலாமா? உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாத கடையில் ஜெனரேட்டர் ஓடக்கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே, அல்லது நிறுத்திய சூட்டோடு, பெட்ரோல் ஊற்றுவது. புகைக்குழாயின்மேல் ஒரு கரண்டி சிந்தினால் போதும். எண்ணெயும் சாக்கும் தீப்பெட்டியும் அடுக்கிய கடை நம்முடையது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பழையதை விட்டுத் தள்ளிப் புதிது வாங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அமுக்கம் இல்லை, கயிறு தடையின்றி வருகிறது என்றால் அவர்கள் சொல்வது நியாயம். அதில் பணம் போடுவது வீண். ஆனால் நல்ல எஞ்சினை, ஊசித்துளை ஒன்று அடைத்ததற்காகப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுப்பது வணிகனுக்கு அழகல்ல. புதிதும் இதேபோல் கிடந்தால் அடுத்த ஆண்டே இதே கதைதான். அதோடு, புயல் வீசிய மறுநாள் பட்டறைகளில் வரிசை நிற்கும். சொன்னதுதான் விலையாக இருக்கும். அந்த நாளில் யாரையும் நம்பி நிற்காத நிலை வேண்டும்.

ஆகவே நமது சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர்கள் தத்தம் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து சோதித்துச் சுத்தம் செய்யும் முகாம் ஒன்றை நடத்தலாம். கைத்திறன் உள்ள உள்ளூர் மெக்கானிக்குகள் இருவரை அழைத்து அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுப்போம். ஓசியில் வேலை வாங்க வேண்டாம். அவர்கள் செய்வதை நம் பிள்ளைகளும் கடைப்பையன்களும் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கேஸ்கட், ஊசி வால்வு, பெட்ரோல் டியூப், ஸ்பார்க் பிளக் போன்ற சில்லறைச் சாமான்களைச் சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வாங்கி வைப்போம். எந்தக் கடையில் ஓடும் நிலையில் ஜெனரேட்டர் இருக்கிறது, எங்கே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுப்போம். அவசர நாளில் ஊர் மக்கள் போன் சார்ஜ் செய்ய இன்னின்ன கடைகள் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுவோம். இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சற்று மனமும் போதும்.

ஆபத்து நாளில் அரிசியும் மெழுகுவர்த்தியும் விலை ஏற்றாமல் கொடுத்த கடைக்காரரை ஊர் மறப்பதில்லை. அதே நாளில் ஒரு போனுக்குச் சார்ஜ் தந்தவரையும் மறக்காது. அந்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆதலால் இந்த இதழை மடித்து வைத்தவுடன் பின்கட்டுக்குப் போங்கள். ஜெனரேட்டர் மேல் உள்ள கணக்கு நோட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். அதில் தெரிவதைக் கண்டபின், முகாம் வேண்டுமா வேண்டாமா என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.